முதலில் அடித்த அட்டை

எங்கள் தொழிலில் அட்டையை முதலில் அடித்துவிடுவது வழக்கம், ஐயா. கதை முடிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாசலில் தொங்கவிடக் கடைக்காரர்கள் இரண்டு மாதம் முன்பே கேட்பார்கள். பிள்ளை பிறக்கும் முன்பே பள்ளிக்கூடத்தில் இடம் பிடிப்பதுபோல என்பாள் என் மனைவி. அவளுக்குக் கிண்டல், எனக்குப் பிழைப்பு.

நான் போடுவது இளசுகளுக்கான காதல் நாவல்கள். வளர்ந்தது ஜவுளிக்கடையில். உள்ளே வருபவர் முகத்தைப் பார்த்தே எந்த நிறம் கேட்பார் என்று சொல்லிவிடுவேன். புத்தகமும் அப்படித்தான். முதல் அத்தியாயத்தில் மழை, மூன்றில் மோதல், ஏழில் ஒரு ரகசியம், கடைசியில் சாவு. கதாநாயகன் பிழைத்துக்கொண்டால் தோழியிடம் இரவல் வாங்கிப் படிப்பார்கள். செத்தால் சொந்தமாக வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வார்கள். இந்தக் குணத்தை நான் உண்டாக்கவில்லை.

அந்தப் பெண் மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவள். இருபது வயது. முதல் ஏழு அத்தியாயங்களோடு வந்தாள். ஒரு லிஃப்ட் மெக்கானிக் கண்ணாடிக்கு வருகிறான், அவனுக்குக் கண் பார்க்கும் பெண்ணுக்கு அவன்மேல் காதல் வருகிறது. வரி ஒவ்வொன்றும் உயிரோடு இருந்தது. காரணம், எல்லாம் நடந்தது. ஏழாம் அத்தியாயத்தைத் தரும்போது மட்டும் தயங்கினாள்.

"அண்ணே, இதைப் பின்னாடி மாத்தித் தந்துடுறேன். மினுக் மினுக்குன்னு எரியிற லைட்டைப் பாத்தா அவருக்கு வலிப்பு வந்துடும். கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். அதுக்குத்தான் நான் நீலக் கண்ணாடி போட்டு விட்டிருக்கேன். வேலையில அதைக் கழட்டவே மாட்டாரு. எனக்கும் அவருக்கும் இப்ப உங்களுக்கும்தான் தெரியும்."

"என் வயித்துக்குள்ள போனது வெளிய வராதும்மா" என்றேன். வரவும் இல்லை.

'நீலக் கண்ணாடி நேசம்' என்று பெயர் வைத்தேன். அட்டையில் படிக்கட்டில் தனியாக ஒரு பெண், பக்கத்தில் ஒரு நீல மூக்குக்கண்ணாடி, கீழே 'அவன் திரும்பி வரவேயில்லை' என்று ஒரு வரி. ஊரெங்கும் தொங்கியது. அதன்பிறகுதான் கடைசி அத்தியாயம் வந்தது. கல்யாணம்.

நான் பேரம் பேசிப் பார்த்தேன். கடைசிவரை பேசிப் பார்த்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"ஆளை முடிச்சிடும்மா. கதையிலதானே."

"எழுதிப் பாத்தேண்ணே. கை ஓடலை."

எழுதியதைக் காட்டினாள். 'ஒரு லாரி வந்தது. அவன் செத்தான்.' அவ்வளவுதான். லாரிக்குக்கூட வருத்தம் வராது.

"சரி, கோமா?"

"வேணாம்ணே."

"ஒரு காலாவது?"

"கல்யாணத்துக்கு நிக்கணும்லண்ணே" என்று சிரித்தாள். "நடக்காததை எனக்கு எழுத வரலை. அடுத்த மாசம் எங்களுக்கு நிஜமாவே கல்யாணம். அதை எழுதத்தான் ஆசையா இருக்கு."

அதற்கு மேல் இறங்கிப் பேச என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. நீங்களே யோசியுங்கள். அட்டை ஒன்று சொல்லி உள்ளே வேறொன்று இருந்தால் வாசகரை ஏமாற்றியதாகும். முப்பது வருடத்தில் நான் யாரையும் ஏமாற்றியதில்லை.

எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பார்ப்பதும் அந்த மெக்கானிக் தம்பிதான். நான்காவது மாடியில் கதவு சிக்குகிறது என்று போன் செய்தேன். உண்மையிலேயே சிக்கியது, அட்டைத்துண்டு ஒன்றை மடித்துச் செருகியிருந்தேன். லிஃப்ட் ஏறி இறங்கும் குழிக்குள் ஒரு டியூப்லைட் உண்டு, சுவிட்ச் எங்கள் வாசலருகே. முந்தின நாளே நல்ல டியூப்பைக் கழற்றிவிட்டு, குடோனில் கிடந்த துடிக்கிற டியூப்பை மாட்டியிருந்தேன். சொந்தச் செலவில் எதையும் வாங்கவில்லை.

தம்பி வந்தார். நல்ல பிள்ளை. செருப்பை வாசலில் ஓரமாக விட்டார், என் மகனுக்கு இன்னும் வராத பழக்கம்.

"உள்ள லைட் போடவா தம்பி?"

"தலையில டார்ச் இருக்குண்ணே, போதும்."

"வேர்வையில கண்ணாடி நழுவுது பாருங்க. குழிக்குள்ள விழுந்தா தூள்தான். குடுங்க, நான் வச்சிருக்கேன்."

கொஞ்சம் யோசித்தார். பிறகு கழற்றிக் கொடுத்தார். "பத்திரம்ணே. அவ பாத்துப் பாத்துப் போட்டது. இது உடைஞ்சா என்னை உடைச்சிடுவா."

லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்றார். ஒரு பக்கம் ஆள் நுழையும் அளவு இடைவெளி. கைகள் இரண்டும் வேலையில் இருக்கும்வரை பொறுத்திருந்து சுவிட்சைப் போட்டேன்.

"அண்ணே, அதை ஆஃப் பண்ணுங்க" என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. என் கை சுவிட்சின்மேல்தான் இருந்தது. நான் அவரைத் தொடவில்லை.

வலிப்பில் விழுந்தார் என்று உங்கள் ஸ்டேஷன் ஆட்களே எழுதிக்கொண்டு போனார்கள். குறை சொல்ல முடியாத முடிவு. நான் துக்கம் கேட்கப் போனேன். வெறுங்கையோடு போவது எப்படி என்று அந்த நீலக் கண்ணாடியைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன்.

"இது உங்ககிட்ட எப்படிண்ணே?"

"ஏறுறப்ப கழட்டிக் கொடுத்தாரும்மா."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கடையில் கண் பார்ப்பவர்கள் பார்ப்பது போல.

பதினோராம் நாள் புதிய கடைசி அத்தியாயம் வந்தது. ஐயா, அப்படி ஓர் எழுத்தை என் வாழ்நாளில் நான் தொட்டதில்லை. அதில் ஒரு பதிப்பாளர் வருகிறார். கதாநாயகனைக் கொல்கிறார். படித்ததும் அவளை வரச் சொன்னேன்.

"எல்லாம் பிரமாதம். இந்தப் பதிப்பாளர்தான் நம்புற மாதிரி இல்லை. ஒரு புத்தகத்துக்காகவா ஒருத்தன் இதைச் செய்வான்? எப்படிச் செஞ்சான்னும் தெளிவா இல்லையே."

பேனா மூடியைத் திறந்தாள். "எனக்கு அந்த ஆள் மனசு பிடிபடலைண்ணே. நீங்க சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

சொன்னேன். ஒரு நல்ல கதை ஓட்டையோடு வெளியே போவதை என்னால் பொறுக்க முடியாது. டியூப்பைச் சொன்னேன், சுவிட்சைச் சொன்னேன், 'அதை ஆஃப் பண்ணுங்க' என்று அவன் கூப்பிடுவதையும் சொன்னேன். அந்த இடத்தில் மட்டும் அவள் பேனா நின்றது.

"இதே வார்த்தைதானாண்ணே?"

"இதே வார்த்தைதான்ம்மா. மாத்தாதே."

அவள் எழுதிக்கொண்டது என் வாக்குமூலம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் அச்சுக்குக் கொடுத்தேன். அதைவிட நல்ல முடிவு அந்தக் கதைக்கு இல்லை. நீங்களும் படித்துவிட்டுத்தானே என்னைத் தேடி வந்தீர்கள், உங்கள் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

அதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மையா என்று கேட்டீர்கள். உண்மை. அந்தத் தம்பியைக் கொன்றது நான்தான். கையெழுத்துப் பிரதியில் ஒரே ஓரிடத்தில்தான் நான் கைவைத்தேன். கடைசிப் பக்கத்தில் அந்தப் பதிப்பாளர் தனியாக உட்கார்ந்து அழுவதாக இரண்டு வரி எழுதியிருந்தாள், பாவம், நல்ல மனசு. அந்த ஆளுக்கு அது ஒட்டவில்லை, அடித்துவிட்டேன்.