டொலறஸ் தலையசைக்கவில்லை

புதன்கிழமைகளில் லூயிஷாம் சந்தையில் கும்பளா மீன் நன்றாக இருக்கும். அன்றும் நான்கு வாங்கினேன். இரண்டைப் பொரித்தேன், இரண்டைக் குழம்பு வைத்தேன். சட்டி இன்னும் அடுப்பில்தான் இருக்கும். யாரையாவது அனுப்பி எடுத்துக் கொட்டச் சொல்லுங்கள். எங்கள் மாடியில் மணம் அடுத்த வீடுகளுக்கும் போய்விடும்.

எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம் என்றீர்கள், இன்ஸ்பெக்டர். இந்த நாட்டில் ஐம்பது வருடமாக ஆங்கிலம் பேசுகிறேன். இருந்தாலும் இதைத் தமிழில் எழுதினால்தான் பிழை வராது. மொழிபெயர்க்க வந்த லெட்சுமணன் மலேசியாக்காரர், பண்பானவர். "மச்சாள்னா யாரும்மா?" என்று கேட்டார். மாமன் மகள். டொலறஸ் என் மாமன் மகள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். 1938இல் தாதிப் பயிற்சிக்கென்று கொழும்பிலிருந்து ஒரே கப்பலில் இங்கிலாந்துக்கு வந்தோம்.

கன்னியர் மடத்துப் பள்ளியில் இருவரும் கிளாரினெட் ஊதியவர்கள். போர் வந்ததும் ஆண்களெல்லாம் படைக்குப் போனார்கள். நடன மண்டபங்களில் வாசிக்க ஆளில்லை. ஐவி ஹார்ட்லி என்ற பெண்மணி பெண்களை மட்டும் சேர்த்து ஒரு ஜாஸ் வாத்தியக் குழு தொடங்கினார். பதினான்கு பேர். மற்றவர்களுக்குப் பட்டுக் கவுண். எங்கள் இருவருக்கும் சேலை. அறிவிப்பாளர் டொலறஸ், பியற்றிஸ் என்ற எங்கள் பெயர்களைச் சொல்லாமல் "கிழக்கின் இரட்டையர்" என்பார். நாங்கள் இரட்டையர் இல்லை என்று ஐவியிடம் சொன்னேன். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான் என்றார்.

குழுவில் இருவரும் சாக்சபோனுக்கு மாறினோம். டொலறஸ் முதல் சாக்சபோன். நான் இரண்டாவது. இதில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலாமவளைப் பார்த்தபடிதான் இரண்டாமவள் இருக்க வேண்டும். அவள் மூச்செடுக்கும்போது இவள் எடுக்கக் கூடாது. தனி வாசிப்பு முதலாமவளுக்கு. அவள் தலையசைத்தால் மட்டுமே இரண்டாமவள் எழும்பலாம். அதுவரை சப்பாத்துக்குள் கால்விரலால் தாளத்தை எண்ணிக்கொண்டு இருக்க வேண்டும். நான் நன்றாக எண்ணுவேன். ஐவியே சொல்லியிருக்கிறார்.

டொலறஸ் எனக்குத் தலையசைத்தது ஒரே ஒரு தரம். 1944 மாசி மாதம், இசைத்தட்டுப் பதிவு. அவளுக்கு முதல் நாளே நெஞ்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. ஊசி தட்டில் இறங்கிவிட்டது, இனி நிறுத்த முடியாது. தன்னுடைய இடம் வந்ததும் அவள் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். நான் எழும்பினேன். அரை நிமிடம் ஊதினேன். முன்பும் பின்பும் நான் அப்படி ஊதியதில்லை. தட்டின் உறையில் டொலறஸின் பெயரை அச்சடித்தார்கள். அவள் திருத்தச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

போர் முடிந்தது, ஆண்கள் திரும்பி வந்தார்கள், குழு கலைந்தது. நான் ஒரு சலவைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்தேன். விரல் மூட்டுகள் வீங்கி மடங்கிப் போயின. டொலறஸ் விதவையான பிறகு ஒன்றாக இருந்தோம். அவளைப் பார்க்க இசைப்பிரியர்கள் வருவார்கள். அந்த அரை நிமிடத்தைப் பற்றிக் கேட்பார்கள். அவள் சிரிப்பாள், நான் தேநீர் கொண்டுபோய் வைப்பேன்.

இந்த வருடம் வானொலியிலிருந்து ஹெலன் என்ற பெண் வந்தார். எங்கள் குழுவைப் பற்றி நிகழ்ச்சி. அந்தத் தட்டையும் மறுபடி வெளியிடப் போகிறார்களாம். வெள்ளிக்கிழமை டொலறஸை ஒலிப்பதிவு செய்வதாக ஏற்பாடு. 1944இல் அந்தப் பதிவுக் கூடத்தில் இருந்தவர்களில் டொலறஸும் நானும்தான் மிச்சம். நானே போய்ச் சொன்னால் பொறாமைக்காரக் கிழவி என்பார்கள். அவள் சொன்னால்தான் உண்டு.

புதன்கிழமை சாப்பிட்ட பிறகு கேட்டேன்.

"மச்சாள், வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளையிட்டச் சொல்லுவியோ?"

"என்னத்தையடி?"

"அது நான் ஊதினது எண்டு."

அவள் சிரித்தாள். "எடி விசரி, நாப்பத்தினாலு வருசம் வாய் துறக்காமல் இருந்திட்டு இப்பதானோ உனக்கு ரோசம் வந்தது?"

"சொல்லுவியோ, மாட்டியோ?"

"வெள்ளிக்கிழமை மட்டும் பொறுக்க ஏலாதோ உனக்கு? இரடி, பார்ப்பம்."

சிரிப்பு இருமலாயிற்று, இருமல் இழுப்பாயிற்று. இழுப்பு வந்தால் வாயில் வைத்து உறிஞ்சும் அவளுடைய நீலப் பம்ப் சாக்சபோன் பெட்டிக்குள் இருந்தது. காலையில் பயிற்சி செய்துவிட்டு அங்கேயே வைத்திருந்தாள். பெட்டி என் பக்கத்துக் கதிரையில் திறந்து கிடந்தது. அவள் கையை நீட்டினாள். நான் மூடியைச் சாத்திக் கொளுக்கியைப் பூட்டினேன். திறந்து கிடந்தால் உள்ளே ஈரம் ஏறும்.

பிறகு அவளைப் பார்த்தபடி இருந்தேன். கால்விரலால் எண்ணினேன். அந்த அரை நிமிடத்தை மனதுக்குள் முழுவதுமாக வாசித்தேன், முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கினேன். இருபது தரம். பத்து நிமிடம் என்று நீங்கள் எழுதியிருப்பது சரி. அவள் கையைக் காட்டினாள், மேசையைத் தட்டினாள், என் பெயரைச் சொல்லப் பார்த்தாள். தலையை அசைக்கவில்லை. நான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் நிச்சயமாகத் தெரியும். எல்லாம் அடங்கிய பிறகு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தானே, அவளை ஏன் சாகவிட்டாய் என்று கேட்டீர்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போது வேறு எதையும் யோசிக்கக் கூடாது. யோசித்தால் எண்ணிக்கை தவறிவிடும்.

நேற்று ஹெலனின் ஒலிநாடாவைப் போட்டுக் காட்டினீர்கள். திங்கட்கிழமை நான் கைவிரல்களைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது, ஒலிப்பதிவுக் கருவியைச் சரிபார்க்க வந்த ஹெலனிடம் டொலறஸ் பேசியிருக்கிறாள். "அந்த வாசிப்பு பியற்றிஸுடையது, நான் கோழையாக இருந்துவிட்டேன், வெள்ளிக்கிழமை அவளையும் கூட்டி வருவேன், அதுவரை அவளிடம் சொல்ல வேண்டாம், அவள் முகத்தை நான் பார்க்க வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கடைசியில் தமிழில் ஒரு வரி. உங்களுக்கு விளங்காமல் லெட்சுமணனைக் கேட்டீர்கள். அவர் நாடாவை நிறுத்தச் சொன்னார். "எடியே பியா, இப்ப சந்தோசமோ?" என்றுதான் கேட்கிறாள்.

பம்ப் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கொளுக்கியைப் பூட்டியது நான். அவள் செத்துப்போவாள் என்றும் தெரியும். இதன் கீழே கையெழுத்திடுகிறேன்.

நிகழ்ச்சியைக் கைவிட்டுவிட்டார்கள், தட்டும் வெளிவராது என்றீர்கள். அது நியாயமில்லை. டொலறஸ் உயிரோடு இருந்திருந்தால் அதற்கு விட்டிருக்க மாட்டாள்.