ரத்து

நண்பனின் மைத்துனன் ஐவிந்துக்கு நடந்தது இது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்... பிறகு வராது.

இரவு இரண்டரை. நார்வேயில் ஒரு மலைச்சாலை. பனிக்குள் ஒரே ஒரு கார். உள்ளே ஐவிந்த், தூக்கத்தை அடகு வைத்தவன் முகத்தோடு.

செய்த தப்பு சின்னதுதான். பனி தள்ளும் வண்டிக்காரர்களுக்கு இணையத்தில் அவன் செய்துகொடுத்த படிவத்தில் இரண்டு பொத்தான்கள்: 'சேமி', 'ரத்து'. ரத்துப் பொத்தானிடம் "நீ சேமிக்காதே" என்று தனியாகச் சொல்லி வைக்கவேண்டும். சொல்லாவிட்டால் அதுவும் சேமித்துவிடும். சொல்ல மறந்தான். பால் வாங்கவே மறக்கிறவன்.

டோர்லைவ் என்ற பனிவண்டி ஓட்டுநர், மலை உச்சியில் ஓட்டுநர்கள் தங்கும் குடிலில் இருந்த கணினியில் 'பாதை திறக்கலாம்' என்று நிரப்பி, ஏதோ ஒன்றை அமுக்கினார். சேமிப்பானது. கீழே சாலையை மறித்திருந்த தடுப்புக் கம்பம் தானாக உயர்ந்தது. யாருடையதோ ஒரு கார் மேலே ஏறியது. அதற்குள் புயல். காரைத் திருப்பியனுப்ப அவர் வெளியே இறங்கினார்... கார் திரும்பியது. அவர் திரும்பவில்லை.

அமுக்கியது சேமியா? ரத்தா?

"வானிலைப்பா, வானிலை. போய்த் தூங்கு," என்றாள் மேலாளர் பெரித்.

"யாருக்குத் தெரியும்? சூப்பைக் குடி," என்றாள் மனைவி.

எல்லாரும் முதுகைத் தட்டினார்கள். பதில் மட்டும் இல்லை. பொத்தானைச் சரிசெய்தாயிற்று, ஆனாலும் டோர்லைவ் அமுக்கிய அந்தக் குடில் நாற்காலியில் ஒருமுறை உட்காராமல் கண் மூடாது என்று கிளம்பிவிட்டான்.

குடிலில் விளக்கு எரிந்தது. டீசல், நனைந்த கம்பளி வாசம். கணினி முன் ஓர் ஓட்டுநர், முதுகைக் காட்டியபடி. மவுஸ் சத்தம். டிக்... டிக்...

"பொத்தான் பையனா? உக்காரு. காப்பி ஆறிப்போச்சு, உன் மூஞ்சி மாதிரி."

ஐவிந்துக்குச் சிரிப்பு வந்தது, எத்தனையோ நாளைக்குப் பிறகு. புது ஓட்டுநர் போலிருக்கிறது. பக்கத்திலேயே ஹீட்டர் சிவக்கச் சிவக்க எரிந்தது. அவர் தோளில் பனி அப்படியே கிடந்தது... ஒரு சொட்டுக்கூட உருகாமல். கண் அசதி என்று நினைத்துக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கறேன். மழுப்பாம சொல்லுங்க. டோர்லைவ் செத்தது என்னாலயா?"

டிக்... நின்றது.

"உன்னாலதான்பா," என்றார் அவர் அலுப்போடு, திரும்பாமலே. "நான் அமுக்குனது ரத்து."