விருந்தாளிக்குக் கொடுத்த குருமாப் பொடி

நர்மதா: நில்லுங்கப்பா... மறுபடி சொல்லுங்க. அந்த வெளிநாட்டு ஆபீசர் கையில என்ன குடுத்தீங்க?

சென்னிமலை: குருமாப் பொடிதான் அம்மிணி. அரைக் கிலோ. மஞ்சப்பையில கட்டி, கார்ல ஏறும்போது மடியிலயே வெச்சுட்டேன்.

நர்மதா: விருந்து சமைக்கத்தான உங்க ரெண்டு பேரையும் கூப்புட்டேன்... எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே!

சென்னிமலை: கேக்க என்ன இருக்குது? மனுசன் மூணு தடவ குருமா வாங்கித் தின்னாரு. அண்டாவ எட்டி எட்டிப் பாத்தாரு. செக்போஸ்ட்ல நீங்க லாரி சோதனை போட்டுக் காட்டுனப்பக்கூட அத்தன உத்துப் பாக்கல!

சின்னத்தாயி: அது நெசம் கண்ணு. அண்டாவத் தேய்க்கற வேலையே மிச்சம்.

நர்மதா: சிரிக்காதீங்கம்மா... அப்பா, பொடியில என்னென்ன இருக்குதுங்க?

சென்னிமலை: தொழில் ரகசியத்தக் கேக்கறயே... மல்லி, சோம்பு, பட்டை, கிராம்பு, ஆனைக்கரை ஏலக்காய்... அப்பறம் எங்கைப்பக்குவமே அதுதான... கசகசா.

நர்மதா: போச்சு.

சென்னிமலை: என்ன போச்சு?

நர்மதா: அவிய நாட்டுல கசகசா போதைப் பொருள் பட்டியல்ல இருக்குதுங்கப்பா. ஒரு கிள்ளு கொண்டுபோனாலும் ஏர்போர்ட்டுலயே புடிச்சு உள்ள வெச்சிருவாங்க.

சென்னிமலை: கசகசாவுக்கா? சந்தையில குமிச்சு வெச்சு விக்கறாங்களே...

நர்மதா: இங்க தப்பில்லீங்க. அங்க தப்பு. அதுவும் அவரு யாருன்னு நெனச்சீங்க? அந்த நாட்டுப் போதைத் தடுப்புக்கே தலைவரு!

சின்னத்தாயி: அப்ப அவரு ஆளுகளே அவரப் புடிப்பாங்களா?

நர்மதா: அம்மா! ரெண்டு கவர்மெண்டும் போன வாரந்தான் ஒப்பந்தம் போட்டிருக்குது. எந்தச் சரக்கு எந்தப் பக்கம் கெளம்புனாலும் உடனே ஒருத்தருக்கொருத்தர் சொல்லோணும். கோபாலபுரம் செக்போஸ்ட்டுல அதுக்குன்னே ஒரு போன எங்கையிலதான் குடுத்திருக்கறாங்க. இன்னும் ஒரு தடவகூட அடிக்கல...

சென்னிமலை: அட கருமமே... மொதல் போனே...

நர்மதா: மொதல் போனே, 'எங்கப்பா உங்க தலைவருக்குச் சரக்குக் குடுத்துட்டாரு'ன்னுதான்.

சின்னத்தாயி: அடிக்காத கண்ணு.

நர்மதா: அடிக்காம? கார் இன்னேரம் பொள்ளாச்சி தாண்டியிருக்கும். ஆறு மணிக்குக் கோயமுத்தூர்ல ப்ளேன் ஏறிருவாரு!

சின்னத்தாயி: சொன்னாக் கேளு. ஒண்ணும் ஆகாது.

நர்மதா: எப்பிடிங்கம்மா ஆகாது? என் வேலை போனாப் போகுது... பாவம், நம்ம கையில சோறு தின்ன மனுசன் அங்க போயி வெலங்கோட நிக்கோணுமா?

சென்னிமலை: அடி அம்மிணி. தப்பு எம்மேலன்னே சொல்லு. முப்பது வருசமாக் கசகசா இல்லாம நான் கரண்டி புடிச்சதில்ல, ஒரு பாசத்துல குடுத்துப்போட்டேன்னு சொல்லு. வேணும்னா நானே பேசறேன்.

சின்னத்தாயி: ஐயோ... இவிய வேற...

நர்மதா: ரிங் போகுது.

சின்னத்தாயி: வை கண்ணு! வெச்சுப்போடு!

நர்மதா: காரணத்தச் சொல்லுங்க, வெக்கறேன்.

சின்னத்தாயி: உங்கப்பா முன்னால எப்பிடி...

சென்னிமலை: எம்முன்னால சொல்ல முடியாததா? என்ன புள்ள அது?

நர்மதா: எடுத்துட்டாங்க! ஹலோ... ஒரு நிமிசம் சார்... அம்மா, சீக்கிரம்!

சின்னத்தாயி: ஏனுங்க, கோவிச்சுக்கக் கூடாது... பெருமாட்டி ஊர்ல சமைக்கப் போன கல்யாணத்துல, அரைச்சு வெச்ச கசகசாவ எல்லாம் பால்ல கலக்கிக் குடிச்சுட்டு, அடுப்புக்கிட்டயே தூங்கிப் போயி, ஒரு அண்டாக் குருமாவக் கருக்குனீங்கல்ல? வெறகு சட்டுனு புடிச்சுக்கிச்சுன்னு ஊரையே நம்ப வெச்சீங்க... நானும் பக்கத்துல நின்னு ஆமாம் போட்டேன். அன்னிக்கிருந்து பதினோரு வருசமா நான் வறுத்து அரைச்சுக் குடுக்கறது வெள்ளரி வெதைங்க! ... கண்ணு, அந்த சாருகிட்டச் சொல்லு... பயப்பட வேண்டாம், அவிய நாட்டுல மட்டுமில்ல, எங்கூட்டுலயும் கசகசாவுக்குத் தடைதான்னு.