மூன்று நாள் புதுச்சேரி

கிறிஸ்துமஸுக்கு வாசலில் ஸ்டார் கட்டுவது எனக்குப் பிடிக்கும், மேடம். இந்த வருஷமும் டிசம்பர் முதல் தேதியே கட்டிவிட்டேன். கீழ்க்கட்டளையில் எங்கள் அபார்ட்மென்ட்டில் முதல் ஸ்டார் எங்களுடையதுதான்.

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அப்பா ஏசுபாதத்துக்கு எண்பத்தொரு வயது. ஆறு வருஷமாக ஞாபகம் சரியில்லை. கதவு திறந்திருந்தால், டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று லுங்கியோடு பல்லாவரம் ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்துவிடுவார். அதனால் நான் உள்ளே இருந்தாலும் பூட்டித்தான் வைப்பேன்; கதவிலேயே பதித்த பூட்டு. அவருக்காக வேலையை விட்டேன். காலையும் மாலையும் இன்சுலின் போடுவேன். ஊட்டிவிடுவேன். "ஜெஃப்ரி எப்போ வருவான்?" என்று என்னிடமே கேட்பார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்பார். நான் கோபப்பட்டதே இல்லை. "வந்துடுவான்பா" என்பேன்.

பெங்களூரில் இருக்கும் தங்கை ஷெரின், இந்தக் கிறிஸ்துமஸுக்குத் தான் வந்து பார்த்துக்கொள்வதாகவும் நான் எங்காவது போய் வரலாம் என்றும் சொன்னாள். புதுச்சேரியில் கடலைப் பார்த்த மாதிரி ஓர் அறை பிடித்தேன். இருபத்துமூன்றாம் தேதி காலை போன் செய்தாள்.

"சாரிண்ணா, பசங்க ரெண்டு பேருக்கும் ஃபீவர். பொங்கலுக்குக் கண்டிப்பா வரேன்."

"பரவால்லமா. பசங்கள பாத்துக்கோ."

அப்பாவுக்கு ஊசி போட்டேன். மேசையில் தண்ணீரும் ஆறு பாக்கெட் பிரெட்டும் வைத்தேன். பாக்கெட்டைப் பிரிக்க அவருக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியும். பூட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் மாலை எதிர்வீட்டு அஃப்ஷான் போன் செய்தாள். நான் கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணா, அங்கிள் காலைலேர்ந்து கதவத் தட்டிட்டே இருக்காரு. உங்க பேரச் சொல்லிக் கூப்பிடுறாரு. உள்ளதான இருக்கீங்க?"

"உள்ளதாம்மா இருக்கேன். இன்னிக்குக் கொஞ்சம் பேஜார் பண்றாரு."

"சாப்பிட ஏதாவது கொண்டாந்து குடுக்கட்டா?"

"வேணாம்மா. இப்பதான் ஊட்டினேன்."

அவள் பேசும்போது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. விட்டுவிட்டு, பொறுமையாகத் தட்டிக்கொண்டிருந்தார். அலைச் சத்தம் அவளுக்குக் கேட்காதபடி போனைக் கையால் மூடிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் காலை அங்கேயே ஆராதனைக்குப் போய், அப்பாவுக்காக ஜெபித்தேன். மதியம் அஃப்ஷானிடமிருந்து மெசேஜ் வந்தது. சத்தம் நின்றுவிட்டது, அங்கிள் தூங்கிவிட்டார்போல என்று எழுதியிருந்தாள். நன்றி என்று பதில் போட்டேன்.

இருபத்தாறாம் தேதி திரும்பினேன். கதவு முழுதாகத் திறக்கவில்லை. உள்ளே அப்பா அதன்மேல் சாய்ந்தபடி கிடந்தார்.

சாவியைப் பற்றிக் கேட்டீர்கள். அவசரத்துக்கென்று அஃப்ஷானிடம் ஒன்று எப்போதும் இருக்கும். என்னுடையது தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லி அதை வாங்கிக்கொண்டேன். புறப்படும்போது இல்லை. இருபத்திரண்டாம் தேதியே, ஷெரின் போன் செய்வதற்கு முந்தின நாள். ஆறு வருஷமும் அவள் வந்ததில்லை, இந்த முறையும் வரமாட்டாள் என்று தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன்.

ஆனால் அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுப் போனேன் என்று மட்டும் எழுதாதீர்கள், மேடம். கதவுக்கு அந்தப் பக்கம் கடைசிவரை அஃப்ஷான் இருந்தாள்.