பதினெட்டாம் நாள் ஏற்றுக்கொண்ட எண்

டிஸ்கிரிப்டர் என்றால் என்ன என்பதற்கான வரையறை எனக்குப் பின்னால் பலகையில் இருக்கிறது. எழுதிக்கொண்டீர்களா? சரி, பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள். ஒரு குட்டிக் கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் அந்த வரையறையை என்னால் விளக்க முடியாது. சிரிக்கிற கதை இல்லை... முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளிக் கணினி மன்றத்தில், மாவட்டக் கண்காட்சிக்காக, முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்று செய்தோம். தெர்மாகோல் பெட்டி, இரண்டு குண்டு பல்பு, ஒரு சின்ன மின்விசிறி. எவ்வளவு சூடு வேண்டும் என்று கணினியில் அடித்தால் போதும். அந்தச் சூடு வரும்வரை பைத்தான் ப்ரோகிராம் பல்பை எரியவிடும், வந்ததும் அணைத்துவிடும். நாங்கள் மூன்று பேர். பெட்டி செய்தவன் தரணீஷ். ப்ரோகிராம் எழுதியவள் நான். முட்டை கொண்டுவந்தவள் கோபிகா. அம்மாவிடம் கெஞ்சி, வீட்டு நாட்டுக்கோழிகளின் முப்பது முட்டைகளை வாங்கி, உமி நிரப்பிய வாளியில் வைத்து, அந்த வாளியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.

ஏழாம் நாள் விளக்கில் காட்டிப் பார்த்தோம். நாலு கூமுட்டை. மீதி இருபத்தாறிலும் சிவப்பு நூல் மாதிரி நரம்பு ஓடியது. பதினெட்டாம் நாள் பார்த்தபோது உள்ளே அசைந்தது.

பதினெட்டாம் நாளில் சூட்டைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். முப்பத்தேழு புள்ளி இரண்டு. மாலை நாலரை மணிக்கு கோபிகா அடித்தாள், பஸ்ஸுக்கு ஓடினாள்.

காலையில் லேப் கதவைத் திறந்ததும் வாடை. பெட்டிக்குள் நாற்பத்தெட்டு டிகிரி. இரண்டு பல்பும் எரிந்துகொண்டே இருந்தன. திரையில் என்ன இருந்தது தெரியுமா? முந்நூற்று எழுபத்திரண்டு. புள்ளி இல்லை.

இருபத்தாறும் போயிற்று.

எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர் புவனா மிஸ் கேட்டார்: "பாத்து அடிக்க மாட்டியா கோபிகா?"

"பாத்துத்தான் அடிச்சேனுங்க மிஸ். அந்தப் புள்ளி கீ சரியா அமுங்கறதில்ல..."

தரணீஷ் விடுவானா? "ஆமாமா. புள்ளிக்குக் காய்ச்சல், லீவு போட்டிருச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் கண்காட்சிப் பட்டியலை எடுத்து, மூன்றாவதாக இருந்த கோபிகாவின் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டார். "நீ இனிமேல் கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம் சாமி. போய்ப் படி."

நான் என்ன சொன்னேன்? கேளுங்கள்... நான் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை. என் பெயர் பட்டியலில் முதலாவதாக இருந்தது.

நாலு நாள் கழித்து, பெட்டியைக் கழுவிக் காயவைத்துவிட்டு, ப்ரோகிராமைப் புதிதாகத் தொடங்கினேன். சூடு எவ்வளவு என்று கேட்டது. வேண்டுமென்றே முந்நூற்று எழுபத்திரண்டு அடித்தேன். "தவறான அளவு" என்று மறுத்தது. முப்பத்தேழரை கொடுத்தேன், ஓடியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மாற்றி, அதே முந்நூற்று எழுபத்திரண்டை அடித்தேன். ஏற்றுக்கொண்டது. மைனஸ் ஐந்து... ஏற்றுக்கொண்டது. "வாழைப்பழம்" என்று அடித்தேன். அதையும் ஏற்றுக்கொண்டது. சூடு எவ்வளவு? வாழைப்பழம்.

ஏன் அப்படி? செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வருகிற தேர்வாளர், ப்ரோகிராம் தொடங்கும்போதுதான் தவறான எண்ணைக் கொடுத்துப் பார்ப்பார். அதனால் நான் சோதனையை அங்கே மட்டும் எழுதியிருந்தேன். அவர் பார்க்கிற இடத்தில். மதிப்பெண் வருகிற இடத்தில். பதினெட்டாம் நாள் மாலை நாலரை மணிக்கு எந்தத் தேர்வாளர் வருவார்?

மிஸ்ஸிடம் ஓடினேன். "மிஸ், தப்பு கோபிகா மேல இல்ல. நான் எழுதின ப்ரோகிராம் மேல." அவர் வந்து, தானும் முந்நூற்று எழுபத்திரண்டு அடித்துப் பார்த்தார். பிறகு, "லிஸ்ட் மேலிடத்துக்குப் போயிருச்சு கண்ணு" என்றார்.

கோபிகாவிடம் போனேன். அவள் கத்தவில்லை. "நீ இத அன்னிக்கே சொல்லியிருக்கோணும்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் லேப் பக்கம் வரவே இல்லை. அந்தக் கண்காட்சியில் எங்களுக்கு இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டோம்.

பதினோராம் வகுப்புத் தம்பி தங்கைகளே... இப்போது பலகையைப் பாருங்கள். டிஸ்கிரிப்டர் என்பது ப்ரோகிராமுக்குள் தனியாக எழுதுகிற ஒரு கிளாஸ், வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. அதைச் சூடு என்கிற பண்பின் மேல் உட்கார வைக்கிறோம். தொடக்கத்தில் மதிப்பு வந்தாலும் சோதிக்கும், பதினெட்டாம் நாள் வந்தாலும் சோதிக்கும். யார் அடித்தாலும், எத்தனை முறை மாற்றினாலும், அதைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. எல்லையை நாம்தான் கொடுக்கிறோம். சூட்டுக்கு முப்பத்தாறு முதல் முப்பத்தொன்பது. அதே டிஸ்கிரிப்டரை ஈரப்பதத்தின் மேல் வைத்து, நாற்பது முதல் எண்பது. நாளை வேறு பறவையின் முட்டையா, எல்லையை மட்டும் மாற்றுங்கள். இருபது வரிகூட இல்லை. நான் எழுதாமல் விட்டது அந்த இருபது வரியைத்தான்.

"பாத்து அடி" என்று சொல்வது எவ்வளவு சுலபம் பாருங்கள். அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் எத்தனை சோம்பேறி ப்ரோகிராம்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன? விரல் தவறும். கீ அமுங்காது. பஸ்ஸுக்கு நேரமாகும். அதெல்லாம் நமக்குத் தெரியாதா? தெரிந்தும் கதவைத் திறந்து போட்டுவிட்டு, உள்ளே வந்த எண்ணை விட்டுவிட்டு, அடித்த பிள்ளையைப் பிடித்துத் திட்டுகிறோம்.

இந்த ஆண்டு உங்கள் ப்ரோகிராமில் ஒரு தவறான எண் நுழையும். கட்டாயம் நுழையும். அன்றைக்கு, யார் இதை அடித்தது என்று யாராவது கேட்டால், பதில் சொல்லாதீர்கள். யார் இதை உள்ளே விட்டது என்று திருப்பிக் கேளுங்கள். எழுதியவர் அங்கேயே, எல்லார் முன்னாலும், கையைத் தூக்க வேண்டும். நாலு நாள் கழித்து இல்லை... அன்றைக்கே.