சபாவில் ஒரு சாவு

மயிலாப்பூர் குளத்து ஸ்டாப்பில் ஏறிய இருவர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். தி. நகர் பஸ். ஜன்னலோரத்து ஆசாமி சொன்னார்:

“நேத்து சபாவுல நான் செத்துப்போயிட்டேண்டா.”

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“என்னடா உளர்றே?”

“சரோஜா கூப்பிட்டாளேன்னு நாடகத்துக்குப் போனேன். அதுல வர புருஷன், மூக்குப்பொடி போடறது வரைக்கும் அப்படியே நான். ‘டீச்சர் வேலைதானே, என்னமோ கலெக்டர் மாதிரி அலுத்துக்கறியே’ன்னு நான் ஆத்துல சரோஜாகிட்ட சொல்றதை அவன் மேடையில சொல்றான். ஹால் முழுக்கச் சிரிக்கறா. கடைசியில நெஞ்சைப் பிடிச்சுண்டு செத்துப்போறான். அதுக்குக் கைதட்டல் வேற!”

“யார் எழுதினதாம்?”

“முடிஞ்சதும் எழுதினவாளை மேடைக்குக் கூப்பிட்டா. என் பக்கத்து சீட்லேர்ந்து சரோஜா எழுந்து போறாடா!”

“உன் ஆம்படையாளா? அவ ஸ்கூல்ல கணக்குன்னா சொல்லிக்கொடுக்கறா?”

“ஸ்பெஷல் கிளாஸ்னு லேட்டா வந்ததெல்லாம் ஒத்திகையாம்.”

“ஆத்துக்கு வந்து சும்மாவா விட்டே?”

“எப்படிடா வாயைத் திறக்கறது? எதிர்ல பேனாவைத் திறந்து வச்சுண்டு உட்கார்ந்திருக்கா.”