ராசிக்கை

பிறந்த குழந்தையைப் பார்த்து, "அப்படியே அப்பனை உரிச்சு வச்சிருக்கு" என்று சொல்லாத உறவுக்காரரை நான் பார்த்ததே இல்லை. முப்பது வருடமாகப் பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். மூக்கு அத்தையுடையது, நெற்றி மாமாவுடையது என்று ஆளுக்கொரு பங்கு பிரித்துக்கொள்வார்கள். நானும் சிரித்துக்கொண்டே, "ஆமாமா, அச்சு அசல்" என்பேன். உண்மையில் பிறந்த அன்றைக்கு எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

விசாரணை அறிக்கையை நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள் சார். நான் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இந்தச் சின்ன டாக்டரம்மா மேலும் எனக்குக் கோபம் கிடையாது. போன வருடம் இவர் வார்டுக்கு வந்து, "சிஸ்டர், அம்மாவோட வயசு கூடினா, பிறக்கிறது ஆணா பெண்ணாங்கிறது மாறுமான்னு ஒரு ஆராய்ச்சி பண்றேன்" என்றபோது, டீ வாங்கிக் கொடுத்ததே நான்தான். "மத்த இடம் எனக்குத் தெரியாது, எங்க வார்டுல மாறும் டாக்டர்" என்றேன். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மாறும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். வரிசையாகப் பெண்ணாகவே பெற்றவள், நாற்பதை நெருங்கும் வயதில் எங்களிடம் வந்தால் பையனோடு வீட்டுக்குப் போவாள். பையன்களாகவே பெற்றவள் பெண்ணோடு போவாள். வயதாக ஆக, கேட்டதை உடம்பு கொடுத்துவிடும் என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி, "அதெல்லாம் இல்லடி, அந்த சிஸ்டரோட கை ராசி" என்றாள். கடைசியில் ராசிக்கை சிஸ்டர் என்பதே என் பெயராகிவிட்டது. என் ஷிப்ட் எப்போது என்று விசாரித்து, அதுவரை வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டவர்கள்கூட உண்டு.

டாக்டர் மற்ற மருத்துவமனைகளின் விவரத்தையும் வாங்கிப் பார்த்திருக்கிறார். வேறெங்கும் இப்படி இல்லையாம். எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி வீட்டில் கிடந்த மாதங்களில் எங்கள் வார்டிலும் இல்லையாம். கெட்டிக்காரப் பெண். நேராக என்னிடம் வந்து, "வயசு இல்ல சிஸ்டர், நீங்க" என்றார். நான் மறுக்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒருவராவது கண்டுபிடித்தாரே என்று எனக்கு ஒரு பக்கம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

எப்படிச் செய்தேன் என்று கேட்டீர்கள். அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. எங்கள் ஆபரேஷன் அறையில் இரண்டு மேஜைகள் உண்டு. தாயின் நெஞ்சுக்குக் கீழே திரை கட்டியிருக்கும். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆபரேஷன் செய்கிற டாக்டர், ஆணா பெண்ணா என்றுகூடப் பார்க்காமல், குழந்தையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுத் தையலுக்குக் குனிந்துவிடுவார். துடைப்பதும், எடை பார்ப்பதும், தாய் பெயர் எழுதிய பட்டையைக் காலில் கட்டுவதும் பக்கத்து அறையில் என் வேலை. என்ன குழந்தை என்று முதலில் வாய்திறந்து சொல்வதும் நான்தான். வெளியே நிற்கிற கூட்டம் டாக்டர் முகத்தைப் பார்க்காது, என் வாயைத்தான் பார்க்கும். பட்டப்பகலில், விளக்கு வெளிச்சத்தில் செய்த வேலை இது. ஒளித்து மறைத்து எதையும் செய்யவில்லை.

முதலில் ஒரு தையல்காரி. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, நான்கும் பெண்கள். அவள் கணவன் வராந்தாவில் நின்று, "இதுவும் பொண்ணுன்னா என் மூஞ்சியில முழிக்காத" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுத்தான் அவளை உள்ளே அனுப்பினான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், எனக்கு இனிமே உடம்புல தெம்பு இல்ல. இதுதான் கடைசி" என்று அழுதாள். அடுத்த மேஜையில் ஒரு பேக்கரியில் வேலை பார்க்கும் பெண், இருபது வயது இருக்கும், தலைப்பிரசவம். அது சிரித்துக்கொண்டே படுத்திருந்தது. "எதுவா இருந்தா என்னக்கா, அடுத்தது வேற மாதிரி பெத்துக்கிட்டா போச்சு" என்றது.

தையல்காரிக்குப் பெண் பிறந்தது. பேக்கரிப் பெண்ணுக்குப் பையன்.

நீங்களே சொல்லுங்கள் சார். ஒருத்திக்கு இனி வாய்ப்பே கிடையாது. இன்னொருத்திக்கு முன்னால் வேண்டிய மட்டும் காலம் கிடக்கிறது. பசித்தவன் இலைக்கும் பசிக்காதவன் இலைக்கும் ஒரே மாதிரியா பரிமாறுவீர்கள்? நான் பட்டையை மாற்றிக் கட்டினேன். தையல்காரியிடம் போய், "பையன்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை, அழவில்லை. என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி என்பார்களே, அது என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதன்பிறகு எத்தனை என்று கேட்காதீர்கள். நல்லதைச் செய்கிறவள் எண்ணிக்கொண்டா இருப்பாள்?

டாக்டர் என்னை முறைக்கிறார். இவரிடம் நான் இன்னொன்றும் சொல்லியிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தையல்காரிக்குப் பிறந்த அந்தப் பெண் குழந்தையின் உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. கவனித்தேன். முப்பது வருடக் கண், தப்புமா? நான்கு பிள்ளை பெற்று ஓய்ந்தவளால் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய முடியாது. சின்னப் பெண் என்றால் தாங்குவாள், ஓடியாடிப் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். ஓடியாடித்தான் பார்த்தாள். இதயத்தில் ஓட்டை என்று சொல்லியிருக்கிறார்கள். தவழ ஆரம்பிப்பதற்குள் குழந்தை போய்விட்டது. யார் மடியில் இருந்தாலும் போயிருக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை. அடுத்த பிரசவத்தில் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்காமல் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று, வயிற்றில் இருந்ததும் தங்கவில்லை. அதுவும் என் கையில் இல்லை.

அவளை அவ்வப்போது பார்ப்பேன். இன்னும் அதே பேக்கரியில்தான் நிற்கிறாள். தையல்காரியின் பையன் பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாகத்தான் வருவான். அவனுக்கு மட்டும் ஒரு பன் கூடுதலாகப் போடுவாள். "ஏன்னே தெரியலக்கா, இவன் சிரிச்சா எனக்கு அன்னிக்குப் பொழுது நல்லா போகுது" என்று என்னிடமே சொன்னாள். பார்த்தீர்களா, அவளுக்கும் அவன் கிடைக்காமல் போகவில்லை. தினமும் பார்க்கிறாள்.

"பேரைச் சொல்லுங்க சிஸ்டர். பெத்தவங்களுக்குத் தெரிஞ்சுக்க உரிமை இருக்கு" என்று டாக்டர் காலையிலிருந்து கெஞ்சுகிறார். சொல்ல மாட்டேன். நீங்கள் தலைகீழாக நின்றாலும் சொல்ல மாட்டேன். தையல் என்றேன், பேக்கரி என்றேன். தொழிலை மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன், தேடி அலைய வேண்டாம். ரத்தப் பரிசோதனை செய்வோம் என்கிறீர்கள். செய்யுங்கள். என் ஷிப்டில் பெற்றவர்கள் வீட்டுக் கதவையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டி, உங்கள் பிள்ளை உங்கள் பிள்ளைதானா என்று கேளுங்கள். என்னைவிட நீங்கள்தான் அதிகக் குடும்பத்தைக் கெடுப்பீர்கள். பால் கொடுக்கிற மடிதான் குழந்தைக்குத் தாய் மடி. யார் வயிற்றில் இருந்தோம் என்று எந்தக் குழந்தையும் கேட்டதில்லை. பெற்றவளுக்கும் அப்படித்தான், கையில் கொடுத்ததைக் கொஞ்சிக்கொண்டு போய்விடுவாள். ரத்தம், வம்சம் என்பதெல்லாம் வெட்டிப் பேச்சு.

அதனால் மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள். கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேலையை விட்டு நிறுத்தினீர்கள், சரி. ஜெயில் என்றாலும் சரி, போய்க்கொள்கிறேன்.

ஒரே ஒரு உதவி மட்டும் வேண்டும். டாக்டரிடம்தான் கேட்கிறேன். என் மகள் மேல்மாடியில் படுத்திருக்கிறாள், இன்றோ நாளையோ பிறந்துவிடும். முப்பத்தெட்டு வயது. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, தவமாய்த் தவமிருந்து உண்டான முதல் பிள்ளை. இனி ஒன்று அவளுக்கு வாய்க்காது. நேற்றுகூட, "அம்மா, என் வயசுக்கு என்ன பிறக்கும்?" என்று கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இப்போது என்னை அந்த அறைப்பக்கமே விட மாட்டேன் என்கிறீர்கள். உள்ளே இருக்கிற நர்ஸுகள் எல்லாம் நான் பழக்கிவிட்டவர்கள். யார் எதைப் பார்த்து எதைக் கற்றுக்கொண்டார்களோ, எனக்குத் தெரியாது.

நீங்கள் கூடவே நில்லுங்கள் டாக்டர். குழந்தையைப் பக்கத்து அறைக்குத் தூக்கிக்கொண்டு போக விடாதீர்கள். திரையை விலக்கி, என் மகள் கண் முன்னாலேயே, தொப்புள்கொடியை அறுப்பதற்கு முன்பே பட்டையைக் கட்டச் சொல்லுங்கள். உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். ஆணோ பெண்ணோ, நோஞ்சானோ, எதுவானாலும் எனக்குக் கவலையில்லை. அவள் பெற்றதுதான் அவள் கைக்கு வர வேண்டும்.